நண்டுப் பெட்டி

மலை நண்டைப் பிடிப்பது சுலபம், ஐயா. கல்லைப் புரட்டினால் ஓடாது, அப்படியே நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் வாழும் உயிருக்கு என்ன அவசரம்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சி ஓடையில் அவற்றைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு மலை ஓடையிலும் நண்டின் மரபணு எப்படி வேறுபடுகிறது என்பது லதீபா மிஸ்ஸின் ஆராய்ச்சி. பட்டம் முடித்துவிட்டு தொழிலாளர் லயத்தில் சும்மா கிடந்த என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

2005 மே மாதம் என் மனைவி சுமித்ராவுக்கு வலி எடுத்தது. குறைமாதம். அன்று ஆராய்ச்சி ஜீப்பில் நண்டுப் பெட்டி ஏறியிருந்தது. ஐஸ் கரைந்தால் நண்டு சாகும், செத்தால் மரபணு கெட்டுப்போகும். ஆஸ்பத்திரி ஒரு திசை, மிஸ்ஸின் ஆய்வுக்கூடம் இருக்கும் கண்டி எதிர்த்திசை. ஜீப் கண்டிக்குப் போனது. தோட்டத்து லொறி வந்து சேர்வதற்குள் சுமித்ரா பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை.

சில மாதம் கழித்து மிஸ் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பிரதீபன், நம்ம நண்டு வேற எங்கயுமே இல்ல. உலகத்துலயே இந்த ஒரு ஓடைதான்."

இனிப்பு கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரே ஓடை என்றால் வேலை சிறியது. மறுநாள் மாலை, தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுத்த பூச்சிமருந்தை ஓடை பிறக்கும் இடத்தில் ஊற்றினேன். நண்டுகள் தாமாகவே கரையேறின. அவ்வளவு இருந்தன என்று எனக்கே அதுவரை தெரியாது. ஒரு பெண்ணைவிட நண்டு பெரிது என்று முடிவு செய்தவர்களுக்கு இழப்பு என்னவென்று தெரிய வேண்டாமா.

கீழ் லயத்துக் குடிதண்ணீர்ப் பீலிக்கும் அதே தண்ணீர்தான் வருகிறது என்கிறீர்கள். தெரியும். போகிற வழியில் கலந்து கரைந்துவிடும் என்று நினைத்தேன். விடியுமுன் அங்கே முதல் குடம் பிடிப்பது என் மாமியார் அழகம்மா என்பதும் தெரியும்.

ஜீப் டிரைவர் சாலி உங்களிடம் சொல்லியிருப்பான். சுமித்ராவுக்கு வலி எடுத்த அன்று அவன் பெட்டியை இறக்கப் பார்த்தான்.

"பொம்பளய ஏத்துவோம் மச்சான். நண்டு செத்தா வேற நண்டு புடிக்கலாம்."

பெட்டி இருக்கட்டும், நீ கிளம்பு என்றது நான்தான். மிஸ் அன்று தோட்டத்திலேயே இல்லை.

பக்கத்தில் நின்று அதைக் கேட்டவர் மாமியார். அதன் பிறகு தினமும் காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரே கேள்வி: "அந்தப் பெட்டிய எறக்கியிருக்கலாமே, மாப்ள?"

அவர் செத்த பிறகு யாரும் கேட்பதில்லை. ஆனால் நான் ஊற்றியது நண்டுகளுக்காக மட்டும்தான், ஐயா. வாக்குமூலத்தில் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.