மூக்குத் தகரம்

— கழட்ட வேணாம் மாப்ள, சொன்னாக் கேளு. மேலயே ஒரு தகரத்தை வெச்சி நாலு ரிவிட்டு அடிச்சி உட்டுடு.

— எது மேல வெச்சி அடிக்கறது மாமா? இந்த லாரி மூக்குல வெரலை வெச்சா வெரலு உள்ள போவுது. இந்தா பாருங்க. அப்பளம்கூட இதைவிடக் கொஞ்சம் தாங்கும்.

— அது கெடக்கட்டும். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்.

— ஓடும் ஓடும், வண்டி ஒரு பக்கம் மூக்கு ஒரு பக்கம் ஓடும். மொதலாளி சீட்டுல என்னா எழுதியிருக்காரு? 'டிரைவர் குழந்தைவேல் வசம் லாரி அனுப்பியிருக்கிறேன். ரேடியேட்டர் ஒழுகுவதால் முன் மூக்குத் தகரத்தை எடுத்துவிட்டு, கழட்டி மாட்டும்படி புதிதாகச் செய்து தரவும்.' கையெழுத்தும் போட்டிருக்காரு.

— மொதலாளி எழுதுவாரு. வண்டி ஓட்டறவன் நான்.

— குள்ளஞ்சாவடியில பட்டறை வெச்சிருக்கறவன் நான். கேளுங்க மாமா. ரெண்டு பக்கமும் எல் பட்டை வெச்சி, நாலே நாலு போல்ட்டு. ரேடியேட்டர் ஒழுவுச்சின்னா ஸ்பேனரை எடுத்தீங்க, நாலு திருப்பு, மூக்கு கையில வந்துடும். இப்ப மாதிரி ஒவ்வொரு வாட்டியும் கீழ படுத்துக்கினு கையை உட்டுத் தொழாவ வேணாம். என்னை மாதிரி எடக்கையால வேலை செய்யறவனே கழட்டலாம்.

— அந்தக் கையைப் பத்திப் பேசாத.

— சரி, பேசல. தள்ளுங்க, உளி படும்.

— ஏங்க, தம்பி சொல்றதைத்தான் கேளுங்களேன். ஒரு தகரத்துக்கு இவ்ளோ நாழியா மல்லுக்கட்டுவாங்க? கலியா, இந்தா மோரு. குடிச்சிட்டு வேலையைப் பாரு.

— வள்ளி, நீ போயி நெழல்ல உக்காரு.

— நெழல்ல உக்காரவா இந்த அனல்ல லாரியில ஏறி வந்தேன்? தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன். கலியா, உங்க மாமாவுக்கு கரி மைன்ஸ்ல பர்மனென்ட்டு ஆர்டரு வந்திருக்கு. டிரைவரு வேலை.

— அட! எப்பக்கா?

— பத்து நாளாச்சி. நாளையோட கெடு முடியுது. இவரு இன்னும் போயி சேரல. காயிதத்தை மடிச்சி அரிசிப் பானையில சொருவி வெச்சிட்டாரு. எடுத்துக் கேட்டா சொவத்தைப் பாக்கறாரு. நான்தான் முந்தானையில முடிஞ்சிக்கினு வந்திருக்கேன்.

— அது கெடக்கட்டும் வள்ளி. இங்க வந்து எதுக்கு அந்தப் பேச்சு?

— எது எதுதான் கெடக்கும்? எல்லாத்தையும் கெடக்கட்டும் கெடக்கட்டும்னா நானும் புள்ளையும் எங்க போயி கெடக்கறது? பிளாக்குல குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. கொழாயைத் திருப்பினா தண்ணி, சுச்சைத் தட்டினா வெளக்கு. எம்மா, நான் என்னா அரமனையா கேட்டேன்? மழை பேஞ்சா கூரை ஒழுவாம ஒரு வூடு, அவ்ளோதான்.

— மாமா, நெசமாத்தானா? நாளையோட போயிடுமா?

— நான் சேரல மாப்ள. எனக்கு இந்த கான்ட்ராக்ட்டு லாரியே போதும்.

— பைத்தியமா உங்களுக்கு? அந்த ஒரு காயிதத்துக்கு நான் எப்பிடி அலைஞ்சேன்னு தெரியாதா? என் கை மட்டும் நேரா இருந்திருந்தா...

— அதான்.

— என்னா அதான்?

— ஒண்ணுமில்ல. நீ உளியைக் கீழ வை.

— பாத்தியா கலியா? உன் கையைப் பத்திப் பேச்செடுத்தாலே இவருக்கு மூஞ்சி சுண்டிடும். கட்டிக்கினு போன நாள்லேருந்து பாக்கறேன். எல்லாம் இந்தப் பாழாப் போன மூக்கால வந்தது. நீ இவரு லாரியில கிளீனரா சேந்து இருவது நாளுகூட முழுசா ஆவல. காலைல செல்ப்ல வண்டி கெளம்பலன்னு மூக்கு ஓட்டையில ஹேண்டிலைப் போட்டு சுத்தின. துரு தின்ன ஓட்டையில ஹேண்டிலு நழுவி மணிக்கட்டுல அடிச்சிது. அடுத்த ஒம்பதாம் நாளு பர்மனென்ட்டுக்கு மெடிக்கல். டாக்டரு 'முஷ்டி மடக்கு'ன்னாரு. நீயும் மடக்கற, மடக்கற, வெரலு வளையல.

— அக்கா, நானும் அங்கதான் இருந்தேன். எனக்கே கதை சொல்றியே.

— சிரிக்காதடா. மைன்ஸ்ல கரி மொதமொதல்ல எட்டிப் பாத்த வருஷம் அது. உன்கூட வரிசையில நின்னவன்லாம் இன்னிக்கு சைக்கிள்ல ஷிப்ட்டுக்குப் போறான். இந்த மூக்கைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது. பிரிச்சி எறி அதை!

— கேட்டீங்களா மாமா? அக்காவே சொல்லிடுச்சி.

— மாப்ள, வேணாம்டா.

— இன்னும் ரெண்டே ரிவிட்டு. இந்தா ஒண்ணு.

— கலியா, நிறுத்து! சொல்றேன் இல்ல?

— ரெண்டு. அக்கா, அந்தப் பக்கம் புடி. கையைக் கிழிச்சிக்காத, முந்தானையைச் சுத்திக்கினு புடி. ஆங், அப்பிடித்தான். மெதுவா எறக்கு.

— எம்மா, எவ்ளோ துரு! மொளகாத்தூளு மாதிரி கொட்டுது. ஐய, உள்ள என்னாடா இது, கொழாய் மாதிரி?

— அதுவா? ஹேண்டிலு நுழையற கொழாய். சேசிஸோட சேத்து முடுக்கியிருக்கு. தொட்டுப் பாரு.

— கெட்டியாத்தான் இருக்கு. ஒரு பொட்டு துரு இல்ல. கிரீசுகூட காயல.

— காயாது. வண்டி வந்த நாள்லேருந்து அப்பிடியேதான் இருக்கும்.

— அப்ப ஹேண்டிலைத் தாங்கறது இந்தக் கொழாயா? தகரம் இல்லியா?

— தகரம் வெறும் மூடிதான் அக்கா. அந்த ஓட்டை மொறம் அளவு பெருசானாலும் ஹேண்டிலு நழுவாது.

— பின்ன எப்பிடி நழுவுச்சி? இவருதானே சொன்னாரு? ஆஸ்பத்திரியில கேட்டப்ப, மொதலாளி கேட்டப்ப, ஊரு பூரா கேட்டப்ப, துரு ஓட்டையில நழுவுச்சின்னு இவருதானே... ஏங்க? ஏன் அங்க போயி நிக்கறீங்க? இங்க பாருங்க!

— நழுவல.

— என்னாது?

— நழுவல வள்ளி. திருப்பி அடிச்சிது.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— மைன்ஸ் பள்ளத்துலேருந்து மண்ணை ஏத்திக்கினு மேடு ஏறணும். பெட்ரோல் வண்டி, யுத்தத்துல அடிபட்டு வந்த வண்டி, பாதி மேட்டுல மூச்சு வாங்கும். இன்ஜின்ல டைமிங்னு ஒண்ணு இருக்கு. அதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சா இழுவை வரும். ரெண்டு நடை கூட அடிக்கலாம்னு அன்னிக்கு எல்லா டிரைவரும் அப்பிடித்தான் வெச்சான், நானும் வெச்சேன். செல்ப்ல எடுத்தா ஒண்ணும் ஆவாது. ஹேண்டிலைப் போட்டா மட்டும் கழுதை மாதிரி ஒதைக்கும். அதனால ஹேண்டிலு போடறதுக்கு முன்னாடி டைமிங்கைப் பின்னால இழுத்து வெக்கணும். நான் வெக்கல. மறந்துட்டேன். பீடி பத்த வெச்சிக்கினே 'சுத்துடா'ன்னு சொன்னேன்.

— ஐயையோ.

— போதும் மாமா. உடுங்க.

— இல்ல மாப்ள, இன்னும் இருக்கு. அது வெறும் மறதின்னா நான் என்னிக்கோ உன் கால்ல வுழுந்து சொல்லியிருப்பேன். நீ மண்ணுல பொரண்டு கத்தற. அந்தாண்டேருந்து ஆளுங்க ஓடியாரானுங்க. நான் உன்னாண்ட வரல. பானெட்டைத் தூக்கிட்டு, மொதல்ல டைமிங்கைத்தான் திருப்பி வெச்சேன். எவனும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு. ரெண்டு நிமிஷம் இருக்கும். நீ 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்புடற. அப்ப நான் உனக்கு அண்ணன்தானே, மாமா இல்லியே. கூப்புடக் கூப்புட ஸ்க்ரூவை முடுக்கினேன். பானெட்டை மூடிட்டு அப்புறம்தான் உன்னைத் தூக்க வந்தேன்.

— நெனவு இருக்கு மாமா. பானெட்டு மூடற சத்தம் கேட்டுச்சி.

— அந்த மூக்குல ஓட்டை இருந்தது எனக்கு வசதியாப் போச்சி. துருன்னு சொன்னேன், எல்லாரும் நம்பிட்டாங்க. அன்னிலேருந்து இந்தத் தகரத்தைத் தொட எவனையும் உட்டதில்ல. பிரிச்சாக் கொழாய் தெரிஞ்சிடும். மாப்ள, அந்தப் பர்மனென்ட்டு உன்னுது. உன் கையை ஒடிச்சிட்டு உன் எடத்துல போயி நான் கையெழுத்து போட்டா என் கை வெளங்குமா? அதான் சேரல. போதுமா வள்ளி? இப்பத் தெரிஞ்சிக்கினியா?

— மாமா, எனக்குத் தெரியும்.

— இப்பத் தெரிஞ்சிடுச்சி, ஆமா.

— இப்ப இல்ல. நாலு வருஷமாத் தெரியும். பண்ருட்டி பட்டறையில வேலை கத்துக்கப் போனேனே, அங்க நான் மொதல்ல பிரிச்சதே இதே மாதிரி வண்டி மூக்குதான். உள்ள இதே கொழாய். பாத்துட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். மேஸ்திரியைக் கேட்டேன், ஹேண்டிலு எதனால திருப்பி அடிக்கும்னு. அவரு டைமிங்னு சொன்னாரு.

— தெரிஞ்சிக்கினா என்னை மாமான்னு கூப்புட்ட? தெரிஞ்சிக்கினா என் பக்கத்துல உக்காந்து சோறு தின்ன?

— கேளுங்க. அன்னிக்கு ராவெல்லாம் உங்களை வெட்டிப் போடணும்னுதான் இருந்துச்சி. நீங்களோ வாரம் தவறாம வருவீங்க. பழம் வாங்கிக்கினு வருவீங்க, எண்ணெய் வாங்கிக்கினு வருவீங்க, நீங்களே என் கையைத் தேச்சி உடுவீங்க. ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பாத்ததில்ல. அப்ப அக்காவுக்கு வயசு இருவத்தாறு. அப்பாவும் போயி என் கையும் போன வூட்டுல எவன் வந்து பொண்ணு கேப்பான்? எனக்கு ஒண்ணு தோணுச்சி. இந்தாளுகிட்ட எதைக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்லமாட்டாரு.

— மாப்ள...

— ஒரு நாளு இந்தக் கோணக் கையைத் தூக்கி உங்க மடியில வெச்சேன். 'அண்ணே, என் பொழப்புதான் இப்பிடி ஆயிடுச்சி, எங்க அக்கா பொழப்பாவது நல்லா இருக்கக் கூடாதா'ன்னேன். நெனவு இருக்கா?

— அடுத்த வெள்ளிக்கெழமையே தட்டோட வந்தேன்.

— வந்தீங்க. வருவீங்கன்னு தெரிஞ்சிதான் கையை மடியில வெச்சேன். நீங்க செஞ்சது மறதி, அப்புறம் பயம். நான் நல்லா யோசிச்சி செஞ்சேன். உங்களுக்குத் தூக்கம் இல்லன்னு அக்கா எத்தினி வாட்டி சொல்லியிருக்கும்? 'எனக்குத் தெரியும் மாமா, உடுங்க'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்க. பாரம் எறங்கிட்டா அக்காவை ஒழுங்கா வெச்சிக்குவீங்களோ மாட்டீங்களோன்னு பயந்துக்கினே சொல்லல. உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு ஏது வாய்?

— ஐயோ மாப்ள. ரெண்டு பேருமே இப்பிடி வெந்துக்கினு கெடந்திருக்கோமே.

— அழாதீங்க மாமா. வளந்த ஆம்பள, ரோட்டுல போறவன் பாக்கறான். இன்னியோட உடுங்க. என் கை போச்சி, நீங்க எங்க அக்காவைக் கட்டிக்கினீங்க. சரிக்குச் சரி. நாளைக்குப் போயி கையெழுத்து போடுங்க. இந்த மூக்கை நாலு போல்ட்டுல புதுசாப் பண்ணித் தரேன், எவன் வேணா கழட்டிப் பாத்துக்கட்டும்.

— சரிக்குச் சரியா?

— சரிக்குச் சரி. எடக்கையைக் குடுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

— டேய், நெஞ்சு எவ்ளோ லேசா இருக்கு தெரியுமாடா? அஞ்சு வருஷம்! காலைல மொத பஸ்ஸுக்கே போயிடறேன். வள்ளி, அந்த ஆர்டரை எடு. வள்ளி? உன்னைத்தான்.

— இந்தாங்க.

— ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு? நீ கேட்ட வூடு கெடைக்கப் போவுது புள்ள. சிரி.

— அக்கா, மாமா மேல கோவமா? ஒளிச்சது ரெண்டு பேரு தப்புந்தான். அதான் பேசித் தீத்துட்டமே.

— நீங்க ரெண்டு பேரும் தீத்துட்டீங்க. நான் பாத்துக்கினுதானே இருந்தேன். அந்த வெள்ளிக்கெழமை இவரு தட்டைப் புடிச்சிக்கினு வாசல்ல நின்னப்ப கை நடுங்குச்சி. வெத்தலை ரெண்டு கீழ வுழுந்துச்சி. கதவு இடுக்கால நான் பாத்தேன். என்னைப் பாத்துதான் நடுங்குதுன்னு நெனச்சிக்கினேன். இந்த மூணு வருஷத்துல இவரு என்கூட முகம் குடுத்துப் பேசாத நாளு எவ்ளோவோ உண்டு. அப்பல்லாம் அந்த நடுக்கத்தை நெனச்சிக்குவேன். அதுவே போதும்னு இருக்கும்.

— வள்ளி, அப்ப அப்பிடி. இப்ப நான் உன்னை...

— நீங்க இருங்க. எதைக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்லாதவரு நீங்க, இதையும் சொல்லிடுவீங்க. கலியா, நீ சொல்லு. அப்ப என்னை ஒருத்தரும் ஆசைப்பட்டுக் கேக்கவே இல்லியா?