ஏறிட்டியா?

மணி ஒன்பதரை. ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்... அதைத் தாண்டினால் விளக்கே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் காலி மனைகள். அங்கேதான் நடந்தது. யாருக்கு என்று அவசரப்படாதே, சொல்லத்தானே வாயைத் திறந்திருக்கிறேன்! என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அந்த அத்தானுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடையில் வேலை. லாரி வந்து நிற்கும்போதே இத்தனை டன் என்பார். மிஷின் அப்புறம்தான் சொல்லும். அதில் தலைகால் தெரியாத பெருமை. அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தனியாக ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போகும். அக்கா பின்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒரு சத்தம். கிட்... கிட்... கிட்... சீட்டுக்கு அடியிலிருந்து.

செயினை இறுக்கினார். போல்ட்டெல்லாம் முடுக்கினார். ம்ஹூம். கடைசியில் மெக்கானிக்கிடம் போனார். இவரை ஓட்டச் சொல்லி மெக்கானிக் பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். சத்தமே இல்லை. இறங்கித் தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க சொல்ற சத்தம் ரெண்டு பேர் போனா வராது. மூணு பேர் ஏறினாத்தான் அப்படிக் கத்தும்."

இவர் அதோடு விட்டாரா? அடுத்த தடவை மாமியார் வீட்டுக்குப் போனபோது, எல்லாரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து, "மெக்கானிக்கே சொல்லிட்டாரு, உங்க பொண்ணு ரெண்டு ஆளுக்குச் சமமாம்" என்றார். வீடே சிரித்தது. என் சிநேகிதனும் சிரித்திருக்கிறான். இப்போது அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். அக்காவும் சிரித்தாளாம். அன்றிலிருந்து நாலு பேர் எதிரில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். வண்டியில் சீட்டின் நுனியில்தான் உட்காருவாள், பாதி உடம்பு காற்றில். அப்படியும் கிட்... கிட்... "உன் பாரம் வண்டி தாங்கலடி" என்பார் மகானுபாவர்.

அன்று ராத்திரி, தையல் கடையில் வேலை முடிந்த அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார். பங்கில் அவள் இறங்கி ஓரமாக நின்றாள். பெட்ரோல் போட்டாயிற்று. வண்டியை உதைத்தார். அவர் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. சீட் அழுந்தினால் போதும், பெண்டாட்டி ஏறிவிட்டாள் என்று உடம்பே சொல்லிவிடுமாம். ஒரு வார்த்தை கேட்பார், அதுவும் பேருக்கு.

"ஏறிட்டியா?"

"ம்."

கிளம்பினார். இருட்டு... எங்கிருந்தோ நனைந்த சாக்கு வாடை. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. சத்தம் இல்லை! சீட் அழுந்தியிருக்கிறது, ஆள் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அப்படியானால் இவள் பாரத்தால் வந்த சத்தமே இல்லையே... மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமியார் வீட்டுச் சிரிப்பெல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வராது. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"தப்பு என் மேலதான். எல்லார் முன்னாடியும் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காத."

கொஞ்ச தூரம் போனதும் தோளில் ஒரு கை... ஜில்லென்று. ராத்திரிக் காற்று, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தினார். போன் அடித்தது. அக்கா.

"என்ன விட்டுட்டே போயிட்டீங்களே... கத்திக் கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி போறீங்க. பங்க்ல லைட்டெல்லாம் அணைச்சிட்டாங்க. நான் அவ்வளவு பாரமாப் போயிட்டேனா?"

தோளில் கை இன்னும் இருந்தது.

திரும்பினார். யாரும் இல்லை. பின் சீட்டின் ரெக்ஸின் மட்டும் அழுந்தியபடியே இருந்தது.

நீயாக இருந்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாய். நானும்தான். ஆனால் அங்கே இருட்டில் தனியாக நிற்கிறவள் அவர் பெண்டாட்டி. நடந்து போனால் எப்போது போய்ச் சேர்வது? பயம் ஒரு பங்கு என்றால் வெட்கம் மூன்று பங்கு. அதே வண்டியைத் திருப்பினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் வாயெடுத்தார், சொல் வரவில்லை. அந்த மன்னிப்பைத்தான் யாரிடமோ சொல்லித் தீர்த்துவிட்டாரே! இதில ஏறாதே, நடந்தே போகலாம் என்று சொல்வதற்குள் அவள் ஏறிவிட்டாள். வழக்கம்போல நுனியில். இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இடம்... ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

இங்கே நிற்கவே கூடாது என்று ஆக்ஸிலேட்டரைத் திருகினார். நாலடி போனதும் ஆரம்பித்தது.

கிட்... கிட்... கிட்...

"பாத்தீங்களா, திரும்பவும் கத்துது" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "என் பாரம்தாங்க. நான் இறங்கி நடந்தே வந்துடட்டுமா?"

இல்லம்மா, உன்னால இல்ல என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள், அவர் பிடரிக்குப் பக்கத்தில்...

"ம்."

அவருடைய குரலிலேயே.

பதறி பிரேக் பிடித்தார். அக்கா இறங்கினாள். விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய், அது நான் சொல்லலடி!"

அவள் திரும்பவே இல்லை. அந்த ரோட்டில் இருந்தது இரண்டே பேர், எப்படி நம்புவாள்? இன்றைக்கு வரைக்கும் நம்பவில்லை. மறுபடி ஏறி உட்கார அவருக்குத் துணிவில்லை. இருட்டில் அவளைத் தனியே விடவும் மனசில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் அவள் பின்னால் நடந்தார்.

எடை போடுகிற மனுஷன் அல்லவா... தள்ளுகிற கைக்குத் தெரியாதா? வெறும் வண்டியின் பாரம் இல்லையாம் அது.