பத்ரி வீட்டுக் குக்கர்

டெல்லியில் தமிழ் எழுதிப் பிழைக்கலாம். யாராவது படிப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டதால், இதை இந்தியில் மொழிபெயர்க்கப்போகும் அன்பருக்கு எழுதுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, முதலில் நலம், பிறகு விஷயம், கடைசியில் வேண்டுகோள் என்றார்கள். நான் நலம். இங்கே பருப்பில்தான் உப்பு கூடுதல். இனி விஷயம்.

முனிர்காவில் ஓர் அறையில் இருந்துகொண்டு அடுத்தவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுப்பது என் தொழில். கிளார்க்காகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும், தான் இல்லாவிட்டால் தேசம் கவிழ்ந்திருக்கும் என்று நினைக்கிறார். எண்பது வயதில் சதாபிஷேகம் நடக்கும். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் விழா மலர் ஒன்றும் போட்டுத் தர வேண்டும். அதை நான் எழுதுவேன். என் பெயர் அதில் இருக்காது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. வந்தவர்கள் தங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் என்று தேடுவார்கள், கிடைத்ததும் மூடிவிடுவார்கள். ஆகவே நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆயுசு முழுக்க ஃபைல் தள்ளியவருக்கு ஒரு மனசாட்சியைச் சேர்த்துக் கொடுப்பேன். ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஜனக்புரி ராஜாராமன் சொன்னார்.

அவர் மனைவி ருக்மிணி இறக்கும் அத்தியாயம், நான் எழுதியதிலேயே சிறந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை. அந்த அம்மாளின் கை அவர் கைக்குள். கடைசியாகக் கேட்பது, காபி குடித்தீர்களா என்று. அவர் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்தார்.

"நான் அங்க இல்லைப்பா. போபால்ல மீட்டிங். அவ போனப்புறம்தான் வந்து சேர்ந்தேன். அதை எழுது."

"படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்காதே சார்."

"நன்னா இருக்கணும்னு உன்னை யார் கேட்டா?"

சொல்லிக்கொள்ள ஒரு நல்ல வரிகூட இல்லாமல் எண்பது வருஷம் வாழ்ந்துவிட்டவருக்கு, இரவலாகக் கிடைத்ததையும் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுவேன். அவரும் விடாமல் கண்டுபிடித்துவிடுவார்.

"புஸ்தகமே வேண்டாம். நானே ரெண்டு பக்கம் எழுதிக்கறேன். நீ எப்படி எழுதறேன்னு நாலு பேர்கிட்ட சொல்லியும் வைக்கறேன், அச்சா?"

இந்த வேலை வாய்ப்பேச்சில்தான் வரும். அவர் வாயைத் திறந்தால், ஆர்.கே.புரத்தில் எனக்கு ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. ஆனால் காரணம் அதுவல்ல. அந்த அத்தியாயம் குப்பைக்குப் போகக் கூடாது; அவ்வளவுதான்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சின்னத் தகர டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வீட்டில் வெறும் பனியனோடு இருப்பார் என்பதால் சட்டை நாற்காலியில் தொங்கும். ஒருவர் வாழ்க்கையை எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா? கோபம் வந்தால் வலி வரும் என்பதும் தெரியும்.

சமையல் செய்யும் தங்கம் மதியம் வெளியே போகும் நேரம் பார்த்துப் போனேன். நீங்கள் சொன்னபடியே திருத்திவிட்டேன், வாசிக்கிறேன் என்றேன். கண்ணாடி எடுக்க உள்ளே போனார். டப்பாவை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு அந்த அத்தியாயத்தை, முதலில் எழுதியபடியே, ஒரு சொல்கூட மாற்றாமல் வாசித்தேன். கை வரும் இடத்தில், நிறுத்து என்றார். காபி வரும் இடத்தில் எழுந்து சட்டைப் பையைத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடைசி வரி வரை வாசித்தேன். மேல்மாடியில் பத்ரி வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். வயதானவர், இதய நோயாளி. யாரும் எதுவும் கேட்கவில்லை. மகன் அக்ஷய் குர்கானிலிருந்து வந்தான்.

"புக் ஆல்மோஸ்ட் ரெடிதானே? தர்ட்டீன்த் டேக்கு அதையே கொடுத்துடலாம். கவரை மட்டும் சேஞ்ச் பண்ணிடுங்க."

அட்டையை மாற்றினேன். ருக்மிணியின் அத்தியாயத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். கடைசியில் ஒரு பக்கம் சேர்த்தேன்: மாடியில் பத்ரி வீட்டுக் குக்கர் விசில் அடிக்க, கீழே ஓர் உயிர் அமைதியாகப் புறப்பட்டது. பொய்க்குள் நிஜமான விவரம் ஒன்று இருந்தால்தான் பொய் நிற்கும். தொழில் தெரிந்த எவனும் அந்தக் குக்கரை விட்டிருக்க மாட்டான்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து, வெற்றிலையை மென்றபடி பத்ரி மலரைப் புரட்டினார். எல்லாரையும் போல அவரும் தன் பெயரைத்தான் தேடினார். கடைசிப் பக்கத்தில் கிடைத்தது.

"அரே, எங்காத்துக் குக்கரையும் போட்டுட்டியா!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு மாசம் வீடு பூட்டிக் கிடந்ததேப்பா. அன்னிக்கு மத்தியானம்தான் ரயிலை விட்டு இறங்கி வந்து சாதம் வெச்சோம். அது அடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

மோர்ப் பாத்திரத்தோடு நின்ற தங்கம் என்னையே பார்த்தாள். "அய்யாவோட மாத்திரை டப்பாவை நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்," என்றாள்.

டப்பா முனிர்கா அறையில் என் மேஜைமேல் இருக்கிறது. குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன். ராஜாராமனை நான்தான் கொன்றேன். நல்ல எழுத்தைத் திருத்த வந்தார், அதனால்.

இனி வேண்டுகோள். என் பெயர் கோ. சிவஞானம். இத்தனை வருஷத்தில் அது எந்தத் தாளிலும் அச்சானதில்லை. இனிஷியல் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் வருகிறது என்றும் சொல்லுங்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.