வரிசையில் நின்ற பதினொரு மணிகள்

இல்லை சார், ஏர்கோன் அப்படியே இருக்கட்டும். உறைமீன் கிடங்கில் ஆறு வருடம் இருந்தவனுக்கு இது குளிரே இல்லை.

நீங்கள் கேட்டது என் மேலாளர் யுகேந்திரன் அண்ணனைப் பற்றி. எதைக் கேட்டாலும் "நந்தி லா" என்பார். மலாய் மொழியில் 'அப்புறம்'. கோயில் நந்தி போல எதற்கும் வாசலை மறித்துப் படுத்திருப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் நந்திதான்.

குளிரறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்ததை மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். நந்தி லா. அதனால் நானே உள்ளே அவசரப் பொத்தான் வைத்து, கிடங்கின் தரவுத்தளத்தோடு இணைத்தேன். அழுத்தினால் உள்வினவல் என்னும் சிறு கட்டளை அதைப் பதியும். பதிந்ததும் ட்ரிகர் என்னும் சிறு நிரல் வெளியே மணியடிக்கும்.

மார்ச்சில் என் மனைவி காமினிக்கு மாதம் நிறையுமுன்னே வலி கண்டது. அண்ணனிடம் போய் நின்றேன்.

"நந்தி லா தம்பி. சரக்கு எண்ணி முடிச்சிட்டுப் போ. பிள்ளை என்ன, ஓடியா போயிடும்?"

எண்ணி முடித்துவிட்டுப் போனேன். பிள்ளை போய்விட்டிருந்தது.

பிறகு ட்ரிகரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். 'உடனே' என்றிருந்த இடத்தில் 'முடிவில்'. உள்வினவல் முடிந்தால் போதாது. அதைத் தனக்குள் வைத்து ஓடும் பெரிய கட்டளையான வெளிவினவலும் முடியும்வரை மணி வரிசையில் நிற்கும். வெளிவினவல்தான் கணினியில் ஓடும் சரக்கு எண்ணிக்கை; அது ஓடும்போது அழுத்துவதெல்லாம் அதற்குள்ளேதான் பதியும்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் என்னோடு வேலை செய்யும் அக்மலும் மற்றவர்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். இறால் பெட்டி ஒன்று குறைகிறது என்று அண்ணனிடம் சொன்னேன். மெல்லிய சட்டையோடு அவரே உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், நான் தொடவில்லை. கணினியில் எண்ணிக்கையைத் தொடங்கி, நடுவில் மூன்று மணி நேரம் காத்திருக்க மட்டும் அதற்குச் சொல்லியிருந்தேன்.

ஒவ்வோர் அழுத்தமும் திரையில் ஒரு வரியாக வந்தது. முதல் ஆறு நெருக்கமாக. அப்புறம் இடைவெளி விட்டு. மொத்தம் பதினொன்று. வரி நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன், எண்ணிக்கை முடியவில்லையே.

ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பதினொரு மணியும் வரிசை மாறாமல் அடித்தன. முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தவனும் நான்தான். கொன்றேன் என்று எழுதாதீர்கள் சார், தாமதித்தேன் என்று எழுதுங்கள். அண்ணன் இருந்தால் அவருக்கே புரியும்.

கிளம்புகிறீர்களா? இந்தக் கதவுக்கும் உள்ளே கைப்பிடி இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன். போகும்போது கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டுப் போகிறீர்களா, சார்?