காட்டுவாழை தெரிஞ்ச இடம்

தங்கமணி: மெதுவா, மெதுவா... அள்ளி முழுங்காதீங்க. அலோன்ல நம்ம வீட்டுக்கு வந்தாச்சு, இனி யானை துரத்தாது.

பொன்னுத்துரை: யானையா? மூணு மாசத்துல ஒண்ணைக்கூடப் பார்க்கலை, தங்கம். எல்லாம் மரம், மரம்...

தங்கமணி: மரத்தை எண்ணவா பொண்டாட்டியை ரங்கூன்ல விட்டுட்டுப் போனீங்க?

பொன்னுத்துரை: சும்மாவா எண்ணினோம்? டவுங்கூவுக்கு அந்தாண்ட, ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பள்ளம். வெயிலே இறங்காது. கயிறு கட்டி, சதுரம் சதுரமாப் பிரிச்சு... காட்டிலாகா வெள்ளைக்காரத் துரை மரத்துப் பேரைக் கேப்பாரு, நான் சொல்லணும். உச்சியில பைன், அதுக்குக் கீழ ஓக், அப்புறம் மூங்கில், அடியில காட்டுவாழை.

தங்கமணி: வாழை நம்ம கொல்லையிலயே இருக்கு.

பொன்னுத்துரை: நக்கலா? அங்க மரத்துக்கெல்லாம் பாசி, கம்பளி போர்த்தின மாதிரி. பெரணிச் செடி என் உயரம்!

தங்கமணி: உங்க உயரம்னா... பெரிசொண்ணுமில்லை.

பொன்னுத்துரை: சிரி, சிரி.

தங்கமணி: படுக்கிறது எங்க?

பொன்னுத்துரை: கூடாரத்துலதான்.

தங்கமணி: எல்லா ராத்திரியும்?

பொன்னுத்துரை: எல்லா... ஏன் கேக்குற? குழம்பு ஊத்து.

தங்கமணி: காலு பூரா அட்டைக்கடி. அட்டையும் கூடாரத்துலதான் படுத்துச்சோ?

பொன்னுத்துரை: அது வந்து...

தங்கமணி: சொல்லுங்க.

பொன்னுத்துரை: பயப்படக் கூடாது. கொஞ்சம்... வழி தவறிட்டேன்.

தங்கமணி: கொஞ்சம்னா?

பொன்னுத்துரை: அஞ்சாறு நாள். ஒரே மூடுபனி. தொண்டை கிழியக் கத்தினேன், யாரும் வரலை. அப்புறந்தான் தோணுச்சு... மரம் இருக்கே! பைன் வந்தா மேல ஏறிட்டிருக்கேன்னு அர்த்தம், மூங்கில் வந்தா கீழ இறங்கிட்டிருக்கேன்னு அர்த்தம். காட்டுவாழையைப் பார்த்தேன் பாரு, கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன்!

தங்கமணி: வாழையையா?

பொன்னுத்துரை: ஆமா! வாழை இருந்தா ஓடை இருக்கும். ஓடையோடவே இறங்கினேன், மலைச்சனம் கரேன்காரங்க ஊர் வந்துருச்சு. காய்ச்சல்ல அங்கேயே கிடந்து, எழுந்ததும் ரயிலேறிட்டேன். ஆபீசுக்குக்கூடப் போகலை.

தங்கமணி: ம்...

பொன்னுத்துரை: கோவமா? நீ கலங்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன். ஆமா... பக்கத்து வீட்டுல என்ன கூட்டம்? தைலம்மாக்கா என்னைப் பார்த்ததும் ‘ஐயோ’ன்னு உள்ள ஓடிருச்சே?

தங்கமணி: உங்க ஆபீஸ் பர்மாக்காரரு கோ-தான்-மாங் போன வாரமே வந்து, நீங்க போயிட்டீங்கன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கு என் தாலியைக் கழட்டத்தான் அக்கா எல்லாரையும் கூட்டி வச்சிருக்கு. நான் முடியாதுன்னுட்டு, தினமும் உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வச்சேன்... இன்னும் ரெண்டு மீன் இருக்கு, போடவா?