ஹார்ன் இல்லாத ஸ்டீரிங்

– எல்லாம் சரி ஜெஸீம் தம்பி, இதுல ஹார்ன் எங்க?

– பிளேனுக்கு ஹார்ன் இல்ல, கிருஷ்ணராஜ் அண்ணே.

– ஹார்ன் இல்லாமயா? பெரகல வளைவுல ஹார்ன் அடிக்காம திரும்பிப் பாரு, எதுக்க வாரவன் மடியில போயி உக்காந்துருவ. பதுள – கொழும்பு பஸ் ஓட்டுறவன்கிட்ட போயி ஹார்ன் இல்லாத ஸ்டீரிங்க நீட்டுறியே! வேணாம், அடுத்தத எடு.

– ஆகாசத்துல வளைவு எங்கங்க இருக்கு? எதுக்க யாரு வரப் போறா, கொக்கா?

– நீ சும்மா இரு ராணி. ஸ்டீரிங்க பத்தி உனக்கு என்னா தெரியும்?

– அண்ணே, இதுக்குப் பேரு யோக். மேசை ஓரத்துல வெச்சி முறுக்கினா ஆடாம நிக்கும். திருப்பினா பிளேன் சாயும், இழுத்தா ஏறும், தள்ளினா எறங்கும். நெசப் பிளேன்லயும் பைலட்மார் புடிக்கிறது இப்பிடித்தான் ஈக்கும்.

– இழுத்தா ஏறுமா? இழுக்குறப்ப கையோட கழண்டு வந்துருச்சின்னா?

– கழறாதுண்ணே, கேரண்டி ஈக்கு.

– நம்ம வீட்டு மேசயே ஆடும். அதுல போயி இத முறுக்கவா? வேணாம்.

– மேசய நான் மாத்திக்கிறேன். தம்பி, நீங்க மத்தத காட்டுங்க. எங்க மக தயானி கட்டார்ல மாசமா இருக்கா, தலப்பிரசவம். அம்மாவும் அப்பாவும் பக்கத்துல வந்து நில்லுங்கன்னு போன்ல அழுவுறா. மருமகன் டிக்கெட் போடுறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இந்த மனுசன் என்னா சொன்னாரு தெரியுமா?

– ஞாயத்தத்தான் சொன்னேன். அடுத்தவன் ஓட்டுற வண்டியில நான் ஏறி பழக்கமில்ல. மொதல்ல நானே ஒரு பிளேன ஓட்டி, ஒழுங்கா எறக்கிப் பாக்குறேன். அப்புறம் ஏறுறேன்.

– கேட்டுக்கிட்டீங்களா? அதுக்காகவே மருமகன் லீவுல வந்தப்ப கம்பியூட்டர் ஒண்ணு வாங்கி வெச்சி, பிளேன் ஓட்டுற கேமையும் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. அத கீபோர்டுல தட்டி ஓட்டினா டிரைவிங்கே இல்லையாம். ஸ்டீரிங் வேணுமாம். பதுளையில கட கடயா ஏறி எறங்கி, இப்ப பண்டாரவளைக்கு வந்து நிக்கிறோம்.

– பயப்படாதீங்கோ அக்கா, எங்கட கடையில மூணு வகை ஈக்கு. அண்ணே, இது ரெண்டாவது. மிச்சம் லேசா, ஒத்த விரல்லயே திரும்பும்.

– இது என்னா, பாதி ஸ்டீரிங்குதான் இருக்கு? மேல் பாதிய எலி கடிச்சிருச்சா?

– பிளேன் யோக் இந்த வடிவந்தாண்ணே.

– சுத்தியும் பாத்துட்டேன், கால் சுத்துக்கு மேல போவல. பஸ்ஸுல நாங்க தோள்பட்ட கழற மாதிரி சுத்துவோம். வேணாம், அடுத்தது.

– இது மூணாவது. இதுக்கு மேல இலங்கையிலயே சாமான் இல்லண்ணே.

– மால எங்க போடுறது?

– மாலையா?

– புது வண்டி எடுத்தா மால போட்டு, சூடம் காட்டி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்துவோம். இதுல டயரு எங்க?

– பழத்த நான் கம்பியூட்டருக்கு அடியில வெச்சிர்றேன். நீங்க மொதல்ல உக்காந்து ஓட்டுங்க.

– ஆமாண்ணே, கடை கம்பியூட்டர்ல மாட்டியே ஈக்கு. பிளேன் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு மேல போயிட்டு ஈக்கு. இடது பக்கம் திருப்பினா போதும்.

– இந்தா, திருப்பியாச்சி. பாத்தியா ராணி, டிரைவர் கை!

– சாஞ்சது போதும்ணே, நடுவுக்கு கொண்டு வாங்கோ.

– வளைவு முடியாம ஸ்டீரிங்க விடவா? வண்டி பள்ளத்துல போயிரும்.

– இது பஸ் இல்லண்ணே! புடிச்சிட்டே ஈந்தா சாஞ்சிட்டே போவும்! நடுவுக்கு, நடுவுக்கு!

– பிரேக்கு எங்கடா?

– யா அல்லாஹ்!

– என்னாங்க, கடல்லயா விட்டீங்க?

– ஸ்டீரிங் சரியில்ல. வா ராணி, போவோம். தீவாளிக்கு புது சாமான் வரும், அப்ப பாத்துக்கலாம்.

– தீவாளிக்கு உங்க பேரப்புள்ள தவந்துரும். இருங்க. தம்பி, நான் ஒரு தடவ புடிச்சிப் பாக்கவா?

– நீயா? சைக்கிள்கூட ஓட்டினதில்ல!

– அதனால எனக்கு எந்தப் பழக்கமும் இல்ல, தம்பி சொல்றபடி செய்வேன். நீங்க இந்தப் பக்கத்து கதிரையில உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது.

– வாங்கோ அக்கா. மெதுவா இடது பக்கம். ஆ, சாஞ்சிட்டு. இப்ப நடுவுக்கு விடுங்கோ.

– விட்டுட்டேன். அடடே, அது பாட்டுக்கு திரும்பிப் போவுதே!

– அவ்வளவுதான் அக்கா வேல. நேரா ரன்வே தெரியுது பாருங்கோ. கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்கோ.

– என்னாங்க, ஏன் காலால தரைய ஒதைக்கிறீங்க?

– பிரேக்கு புடிக்கிறேன்.

– அக்கா, பேசாதீங்கோ! இப்ப லேசா இழுங்கோ. இன்னம் லேசா. மாஷா அல்லாஹ், தொட்டுட்டீங்க! டயர் சில்லு ரெண்டும் சேந்தாப்புல தொட்டிச்சி!

– ஐயோ, எறக்கிட்டேன்! நானே எறக்கிட்டேன்! ஏங்க, பாத்தீங்களா? இதுல என்னா நொட்ட சொல்லுவீங்க?

– நீ எறக்கினத நான் எங்க பாத்தேன்?

– பக்கத்துலதானே இருந்தீங்க?

– கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்.

– என்னாது?

– பயம் ராணி. நெசமாவே பயம். இத்தன வருசமா பள்ளத்து ஓரமா பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு நாளு கண்ண மூடினதில்ல. கம்பியூட்டர் பிளேனுக்கு கண்ணத் தொறக்கவே முடியல. ஒரு ஸ்டீரிங்கும் சரிவராட்டி டிக்கெட்டும் போட வேண்டியதில்லன்னு நெனச்சேன். ஆனா புள்ள அங்க தனியா கெடந்து அழுவுறாளே.

– அட மனுசா, இத வீட்டுலயே சொல்றதுக்கென்னா?

– டிரைவருக்கு பயம்னு எந்த வாயால சொல்றது?

– அண்ணே, அப்ப இத திருப்பி பொட்டியில போடவா? யோக் வேணாந்தானே?

– யாரு வேணான்னா? கட்டு தம்பி, இந்த மூணாவதயே கட்டு. நாளையில இருந்து வீட்டுல டெய்லி இவ ஓட்டட்டும். நான் பக்கத்துல கண்ணத் தொறந்துக்கிட்டு உக்காந்து பழகணும்.