எண் ஒன்றை அழுத்தியவள்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! எனக்கென்று வைத்திருக்கும் வெள்ளிக் கேடயத்தை விடாமல் துடைத்துக்கொண்டிருக்கும் விழாக்குழு நண்பர்களே! ஆன்றோரே! இன்று வேலையில் சேரும் செல்வங்களைச் சிரித்த முகத்தோடு பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் என் தங்கையே! ஊர் ஓட்டல்களின் விரிப்புகளையெல்லாம் வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்துக்காரியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்!

சலவை இயந்திரங்களை விற்றுப் பராமரிக்கும் இந்த நிறுவனம், ஆண்டின் சிறந்த புது வாடிக்கையாளர் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. புது வாடிக்கையாளர்! அடடா, காதில் தேனாய்ப் பாய்கிறது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் சேரும் வேலை என்ன தெரியுமா? இங்கே இரண்டு பிரிவுகள். ஒன்று பிசினஸ் டெவலப்மென்ட், அதாவது வணிக வளர்ச்சி. புதியவரைத் தேடுவார்கள், துரத்துவார்கள், பூச்செண்டு கொடுத்துப் பிடிப்பார்கள். மற்றொன்று அக்கவுன்ட் மேனேஜர்கள். பிடித்து வந்தவர்கள் ஓடிவிடாமல் காப்பது அவர்கள் பாடு. புதியவரைப் பிடித்தவருக்குப் பதக்கம் உண்டு. பழையவரைக் காத்தவருக்கும் பரிசு உண்டு: காப்பதற்கு இன்னும் பத்துப் பேர்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் உலர்த்தும் இயந்திரம் ஒருநாள் படுத்துக்கொள்ளும் வரை. ஈர விரிப்புகள் இடுப்பளவு குவிந்தன. ஓட்டல் மேலாளர் போனில் குதிக்கிறார். இந்த நிறுவனத்தை அழைத்தேன். "புது வாடிக்கையாளரா? எண் ஒன்றை அழுத்துங்கள். ஏற்கெனவே வாடிக்கையாளரா? எண் இரண்டை அழுத்துங்கள்" என்றது இனிய குரல். இரண்டை அழுத்தினேன். இசை வந்தது. குறை சொல்லமாட்டேன், நல்ல இசை. என் வேலையாட்கள் அதை முணுமுணுக்கவே பழகிவிட்டார்கள். ஆள் மட்டும் வரவில்லை.

என் மகள் சொன்னாள்: "அம்மா, ஒண்ண அழுத்துங்களேன், என்னதான் ஆகுதுன்னு பார்ப்போம்!"

அழுத்தினேன். மணி அடித்து முடியுமுன் மறுமுனை மலர்ந்தது. "வணக்கம் மேடம்! சொல்லுங்க மேடம்! நானே நேர்ல வரட்டுமா மேடம்?"

வந்தார் பூச்செண்டோடு ஒரு தம்பி. வரவேற்றது பின்வாசலில் என் மகள். பின்தெருவில் சலவைக்கூடத்துக்கு அவள் பெயரை வைத்து ஒரு புதுப் பலகை, அவ்வளவுதான். உள்ளே வந்தவர் நின்றுபோன இயந்திரத்தைச் சுற்றி வந்தார். இதே நிறுவனத்தின் முத்திரை மீது பஞ்சுத்தூசி படிந்திருந்தது. உதட்டைப் பிதுக்கினார். "இத எந்தக் கம்பெனி மேடம் உங்க தலையில கட்டுச்சு? கவனிக்கவே மாட்டாங்கபோல!"

ஏன் தம்பி, முன்வரிசையில் உட்கார்ந்து இவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? உங்களைத்தானே புகழ்கிறேன்!

ஆம், பெரியோர்களே! நான் புதியவள் அல்லள். என் மகள் நடை பழகிய காலம் தொட்டு இந்த நிறுவனத்தின் வாடிக்கைக்காரி. முன்வாசலில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பின்வாசலில் புதுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே மெக்கானிக் வந்தார். பழைய சலவைக்கூடம் போய்விட்டதே என்று இவர்கள் கீழ்மாடியில் துக்கம்; புதிய சலவைக்கூடம் வந்துவிட்டதே என்று மேல்மாடியில் கேக்! ஒரே கட்டடம், ஒரே இயந்திரம், ஒரே ஈரத்துணி. ஒருவராவது மாடிப்படி ஏறி இறங்கிக் கேட்டாரா?

இதுவரை வேடிக்கை. இன்று மாலை, இந்த அரங்கில் கைகழுவப் போனேன். அங்கே ஒரு பெண் முகத்தைக் கழுவக் கழுவக் கண்ணீர் வழிய நின்றாள். என்னைக் கவனித்துவந்த அக்கவுன்ட் மேனேஜர், சுவரோரம் நிற்கும் அந்தத் தங்கை!

"மேடம், நீங்க எப்படி இங்க? நீங்க போனதுக்கு நான்தான் காரணமாம். இந்த மாசத்தோட என்னை நிறுத்தறாங்க."

"நான் எங்கம்மா போனேன்? இதோ நிக்கிறேனே!"

என் நெஞ்சு கொதித்துவிட்டது. யார் இவள்? முன்பொருமுறை உறவுக்காரர் விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, என் மெக்கானிக்குக்கு விளக்குப் பிடித்தவள். தாங்க முடியவில்லை, கூட ஒரு ஆள் கொடுங்கள் என்று மேலே கேட்டபோது வந்த பதில் என்ன? "பழைய ஆளுங்க எங்கம்மா போயிடப் போறாங்க?" கேட்ட ஆள் கிடைக்கவில்லை. அந்த இடம் பூச்செண்டுப் பிரிவுக்குப் போனது.

வளர்ச்சி, வளர்ச்சி என்கிறீர்களே, எது வளர்ச்சி? வாங்க வந்தவரை வணங்குவதா? வாங்கியவரை மறப்பதா? வந்தவர் தங்கினால் அல்லவா வளர்ச்சி! தங்க வைத்தவளைத் தள்ளிவிட்டு, யாரை வைத்து வளரப் போகிறீர்கள்?

ஒருங்கிணைப்பாளர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, உங்கள் கடமை. என் கடமையை நான் முடிக்கிறேன். தலைவர் அவர்களே, இந்தத் தங்கை வேலையில் இருப்பாள் என்று இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். இல்லையேல் கேடயம் உங்களிடமே இருக்கட்டும். முன்வாசல், பின்வாசல் இரண்டையும் சாத்திக்கொள்கிறேன். சீட்டு எழுதி நீட்டாதீர்கள் ஐயா, வாயால் சொல்லுங்கள்!

"அது வந்து… அவங்க இருப்பாங்க. கூட ஒரு ஆளும் போட்டுத் தர்றோம்."

கேட்டீர்களா? தட்டுங்கள், பலமாகத் தட்டுங்கள்! தங்கையே, மேடைக்கு வாம்மா! எங்கே அவள்? சுவரோரம் காணோமே?

என்ன சொல்கிறீர்கள் அங்கே?

"போன் வந்துச்சு மேடம், அப்பவே வெளிய போயிட்டாங்க! யாரோ பழைய கஸ்டமராம்!"

பார்த்தீர்களா, இன்று வேலையில் சேரும் பிள்ளைகளே! தன் வேலை பிழைத்ததைக் கேட்கக்கூட அவள் இங்கே நிற்கவில்லை. யாரும் போய்க் கூப்பிடாதீர்கள், அவள் பேசி முடிக்கட்டும். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!